உடல் பருமனும் நடமாட்டமும்: பஞ்சாயத்தார் அறிய வேண்டியவை

சென்னை நகரின் தென் பகுதியில், அடையாற்றின் கழிமுகத்துக்கு வடபுறமாக அமைந்துள்ளது இராஜா அண்ணாமலைபுரம். சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டு பல்கலைக் கழகத்தை நிறுவிய இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய பேட்டை அது. பொழுது புலரும் வேளையில் அங்குள்ள தெருக்களில் நின்று பார்த்தால், ஆடவரும் பெண்டிரும் இருவர் மூவராக வேகநடை நடந்து செல்வதைக் காணலாம். அவர்களுள் மெலிந்தோரும் உண்டு; பருத்த உடலினரும் உண்டு. பருத்தவர்களில் சிலர் சற்று நடந்து, ஒரு சுற்றுச்சுவரின் மேல் கைவைத்து மூச்சு வாங்கி, மீண்டும் நடக்கிறார்கள். அவ்வாறு நின்று நின்று நடப்பவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

நகரத்தார் உலாவுவதைப் பற்றி நமது பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் எதற்காகக் கூற வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். வயலில் உழைப்பவனுக்குத் தேகப் பயிற்சி எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஏற்றம் இறைத்தும், கவலை ஓட்டியும், நாள் முழுதும் ஏர்ப் பின்னே நடந்தும் பயிர் செய்த காலத்தில் அக்கேள்விக்கு விடை தேவைப்படவில்லை. இன்று பொத்தானை அமுக்கினால் மின்சார மோட்டார் நீரிறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, பல இடங்களில் இயந்திரமே நடுகிறது, அறுக்கிறது. வயலுக்குச் செல்வதும் மோட்டார் சைக்கிளில்தான். இவை நாம் விரும்பி வரவேற்ற நன்மைகள். முதுகு முறியும் வேலை குறைந்ததற்காக வருந்துவோர் எவரும் இரார். ஆனால் வேலை குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை. சோற்றின் அளவு ஏற்றம் இறைத்த காலத்து அளவாகவே பல வீடுகளில் இருந்து வருகிறது.

இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மேற்பட்ட எடையுடையோராகக் காணப்பட்டனர். இவர்கள் அனைவரும் நகரவாசிகள் அல்லர். பருமன் என்பது பட்டணத்துச் செல்வர்களின் நோய் என்று இனியும் நாம் நினைத்திருப்பது, வீட்டுக்குள் வெள்ளம் வந்த பின்னும் ஏரி உடைந்தது அடுத்த ஊரில்தானே என்று இருப்பதற்கு ஒப்பாகும்.

பருமனை அளப்பது எப்படி?

தையற்காரரிடம் உள்ள அளவு நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. இதைத் தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துள்ளது என்பது பொருள். எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடும் முறையும் உண்டு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 59 கிலோவை எட்டும்போதே கூடுதல் எடையுடையவர் ஆகிறார். 64 கிலோவை எட்டினால் பருமன் உடையவர் என்றே இந்திய மருத்துவர்கள் கொள்கின்றனர். ஐரோப்பியருக்கு இந்த எல்லை இன்னும் உயரமானது. நம்மவருக்குக் கை கால்கள் மெலிந்திருந்தும் வயிற்றில் கொழுப்பு தங்கும் இயல்பு மிகுதி. குறைந்த எடையிலேயே நீரிழிவும் வந்துவிடுகிறது. ஆகவேதான் நமக்கு எல்லை தாழ்த்தப்பட்டது.

எடை குறையாவிட்டால் நடந்து என்ன பயன்?

பருத்த உடலினர் நடையைத் தொடங்கி, ஒரு மாதம் கழித்து எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று, முள் அசையாதது கண்டு மனம் சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். நடையைக் கைவிட்டவர்களைக் கேட்டால் பத்தில் பலர் இக்காரணத்தையே கூறுவர். இதைப் பற்றி நாம் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

நடையினால் மட்டும் எடை விரைந்து குறையாது என்பது உண்மை. அரை மணி நேர நடையில் செலவாகும் சக்தி, திரும்பும் வழியில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் உட்கொண்டால் அப்படியே திரும்பி வந்துவிடும். (மயிலாப்பூர்ப் பக்கத்தில் காலை நடையின் முடிவு சிற்றுண்டிச் சாலையாகவே இருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.) எடை குறைய வேண்டுமாயின் உணவும் குறைய வேண்டும். ஆனால் நடையின் பயன் எடையோடு முடிந்துவிடுவதில்லை.

இதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் அ. இராமச்சந்திரன் அவர்களின் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டு வெளியாயின. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர் அதில் சேர்க்கப்பட்டு, நான்கு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டுமே தரப்பட்டது. மற்றொரு பிரிவினர் நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடக்கவும், உணவில் சர்க்கரை, எண்ணெய், மாவுப் பொருள்களைக் குறைக்கவும் பழக்கப்பட்டனர். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும். மூன்று ஆண்டுகளில் முதற் பிரிவினரில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. மாத்திரை உண்டவர்களில் வந்தது ஏறக்குறைய 40 பேருக்கு. அதாவது நடை மாத்திரைக்குச் சமமாக நின்றது. இரண்டையும் சேர்த்ததால் மேலும் பயன் ஏதும் விளையவில்லை. எல்லாவற்றிலும் வியப்பானது ஒன்று: நோயினின்று தப்பியவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை!

இஃது எவ்வாறு இயலும்? நாம் நடக்கும்போது தொடைத் தசைகள் சுருங்கி விரிகின்றன. சுருங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக் கொள்கிறது. அதற்கு இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டுவதில்லை. நடை முடிந்த பிறகும் பல மணி நேரம் அத்தசைகள் இன்சுலினுக்கு எளிதில் இணங்குகின்றன. இரத்தக் குழாய்கள் நெகிழ்கின்றன. இரத்த அழுத்தம் தணிகிறது. எடை இயந்திரம் இவை எவற்றையும் காட்டாது.

அந்த ஆய்வில் உழவர்கள் கவனிக்கத்தக்க ஒரு குறிப்பும் உள்ளது. நாள்தோறும் உடலுழைப்புச் செய்வோர், அரை மணிக்கு மேல் நடந்தோ சைக்கிள் மிதித்தோ வேலைக்குச் செல்வோர் ஆகியோரை ஆய்வாளர்கள் புதிதாக நடக்கச் சொல்லவில்லை. செய்து வருவதையே தொடருமாறு கூறினர். மண்வெட்டி பிடிப்பவருக்கு அவ்வேலையே பயிற்சி. கையிலுள்ள மண்வெட்டியைக் கீழே வைத்தவர்தான் அதற்கு ஈடாக வேறொன்றைத் தேடிக்கொள்ள வேண்டியவர்.

உட்கார்ந்து செய்யும் தொழிலின் தீங்கை உலகுக்கு முதன்முதல் கணக்கிட்டுக் காட்டியது இலண்டன் மாநகரம். அங்கு இரண்டடுக்குப் பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். கண்டக்டர் மாடிக்கும் கீழுக்குமாக நாள்தோறும் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வருவதை டாக்டர் ஜெரமி மாரிஸ் 1953-இல் வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே நிர்வாகம்; வேறுபாடு இருக்கையில்தான். பின்னர் அவர் இருவரது சீருடைகளின் இடுப்பளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார் என்பது சுவையான செய்தி. ஓட்டுநரின் கால்சட்டையே பெரியதாக இருந்தது.

இரண்டு குடியிருப்புகளின் கதை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் குறிப்பாக ஆராய வேண்டியது வேறொரு சென்னை நிகழ்ச்சி. இராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தியாகராய நகர். அதைச் சார்ந்த பாரதி நகர் எளிய வருவாயினர் வாழும் குடியிருப்பு. திருமங்கலத்திலுள்ள ஏசியாட் காலனியோ நடுத்தர வருவாயினர் வாழ்வது. டாக்டர் வி. மோகன் அவர்களும் அவருடைய குழுவினரும் 1996-97-இல் இவ்விரண்டு குடியிருப்புகளிலும் வீடு வீடாகச் சென்று 1,262 பேரைச் சோதித்தனர். அப்போது வசதியுள்ள காலனியில் நீரிழிவு நூற்றுக்கு 12.4, எளியோர் நகரில் 6.5. உடலுழைப்பு எளியோரைக் காத்து வந்தது.

முடிவுகளைக் கேட்டறிந்த காலனி வாசிகள் வாளாவிருக்கவில்லை. நடப்பதற்கு இடமில்லை என்பதே அங்குப் பெருங்குறை. தாங்களே பணம் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தனர். அதற்கு முன் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14 பேர். பின்னர் 58 பேருக்கு மேல் ஆயினர். அறிவுரை மட்டும் இத்தனை பேரை எழுப்பியிருக்குமா என்பது ஐயமே. காலடியில் பாதை இருந்ததால் கால்கள் நடந்தன.

பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது கண்டது இது: பூங்கா அமைந்த காலனியில் நீரிழிவு 12.4-லிருந்து 15.4 ஆயிற்று, சிறிதளவே ஏற்றம். எளியோர் நகரிலோ 6.5-லிருந்து 15.3-க்குத் தாவிவிட்டது. இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகிவிட்டனர். இவ்வளவுக்கும் பூங்கா ஒன்றே காரணம் என்று நாம் கூற மாட்டோம். அப்பத்தாண்டுகளில் எளியோரின் தொழிலும் மாறியது, உணவும் மாறியது. எனினும் உழைப்பு குறைந்து வரும் ஓர் ஊருக்கு மாற்று ஏற்பாடு செய்து தராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நமது கிராமங்கள் இன்று 1996-ஆம் ஆண்டுப் பாரதி நகரின் நிலையில் நிற்கின்றன என்றே நமக்குத் தோன்றுகிறது.

பருத்தவர் தொடங்கும் முறை

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இவற்றை வீட்டிலேயே பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. இயன்முறை மருத்துவர்களும் அதில் இணைக்கப்பட்டனர். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடக் கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, மயக்கமோ தோன்றினால் அக்கணமே நின்று மருத்துவரிடம் செல்ல வேண்டும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோர் மடியில் சிறிது சர்க்கரையோ வெல்லமோ முடிந்துகொண்டு புறப்படுவது நலம். படபடப்பும் வியர்வையும் கண்டால் வாயிலிட்டுக் கொள்ளலாம்.

தொடக்கத்தில் அரை மணி நடக்க முயல்வது தவறு. ஐந்து நிமிஷம் காலையில், ஐந்து நிமிஷம் நண்பகல் உணவுக்குப் பின், ஐந்து நிமிஷம் இரவு உணவுக்குப் பின். முதல் வாரத்துக்கு இதுவே போதும். அடுத்த வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிஷம் கூட்டலாம். தொடர்ந்து பத்து நிமிஷமேனும் நடந்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்னர்க் கூறி வந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி அந்த நிபந்தனையை விட்டுவிட்டது. துண்டு துண்டாக நடப்பதும் நடையே. வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷம் என்பது எட்ட வேண்டிய இலக்கு. அதை அடைய மூன்று மாதம் ஆனாலும் குற்றமில்லை. உணவு உண்ட பின் நடக்கும் சிறு நடை, அவ்வுணவினால் ஏறும் சர்க்கரையைத் தணிப்பதில் சிறந்தது. வேகத்துக்கு அளவுகோல் நாவே: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

முழங்கால் வலியே பருத்தவர் கூறும் முதல் தடை. வலி பொய்யன்று. ஆனால் வலிக்கிறதென்று கட்டிலிலேயே இருந்துவிட்டால் வலி வளரும். மூட்டின் உள்ளேயிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. நீரில் பஞ்சை அமுக்கி விடுவதுபோல, மூட்டு மடங்கி நீளும்போதுதான் அதனுள் ஊட்டம் சென்று சேர்கிறது. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரத்தில் ஒரு பங்கைத் தசை தாங்கும். ஆகவே நடையோடு வாரத்தில் இரு நாளேனும் இதைச் செய்ய வேண்டும்: சுவரை ஒட்டிப் போட்ட அசையாத நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல அமர்தல். முதலில் ஐந்து முறை. இயலாவிடில் கையை ஊன்றியே செய்யலாம். சுவரில் இரு கைகளையும் வைத்துச் சாய்ந்து, தள்ளி நிமிர்தல் தோளுக்கு ஏற்றது. வலி மிகுந்தோர் இடுப்பளவு நீரில், ஆழமும் அடித்தரையும் நன்கறிந்த இடத்தில், துணையோடு நடந்து பழகலாம். நீர் உடலின் பாரத்தில் பெரும் பங்கைத் தாங்கிக்கொள்ளும். முழங்கால் தேய்ந்த பருத்தோரிடம் செய்த ஆய்வொன்று, எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் பாரம் நான்கு கிலோ குறைவதாகக் கண்டது. ஐந்து கிலோ குறைப்பவருக்கு அடிதோறும் இருபது கிலோ மிச்சம்.

தொடைகள் உராய்ந்து புண்ணாவது வெளியில் சொல்லக் கூசும் தொல்லை. பலரது நடை இதனாலேயே நின்றுபோகிறது. முழங்கால் வரை வரும் பருத்தி உள்ளாடையும், புறப்படுமுன் தொடையிடுக்கில் சிறிது தேங்காய் எண்ணெயும் அதற்குப் பரிகாரம். பருத்த உடல் விரைவில் சூடேறும். சூடு எளிதில் வெளியேறாது. எனவே வெயில் ஏறுமுன் நடக்க வேண்டும். நீர் அருந்திச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளோர் வெறுங்காலோடு வரப்பில் நடப்பது ஆபத்து. முள் தைத்ததே அவர்களுக்குத் தெரியாமல் போகும். பின்னங்காலைப் பற்றும் வாருள்ள செருப்பு அணிந்து, இரவில் உள்ளங்காலைப் பார்த்துவிட்டு உறங்க வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

இராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டி, சீர்கெட்டுக் கிடந்த கழிமுக நிலத்தில் 58 ஏக்கர் பரப்புள்ள தொல்காப்பியப் பூங்கா 2011-இல் திறக்கப்பட்டது. நடப்போருக்கும் சைக்கிள் மிதிப்போருக்கும் சென்னை மாநகராட்சி 2014-இல் தனிக் கொள்கையே வகுத்து, போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு 60 பங்கு அவர்களுக்கே என்று எழுதி வைத்தது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் அகன்ற நடைபாதை அமைக்கப்பட்டது. இவையாவும் பெரும்பொருள் வேண்டும் காரியங்கள். கிராமத்துக்கு அத்தனை தேவையில்லை. நம்மிடம் ஏரிக்கரை இருக்கிறது, களத்துமேடு இருக்கிறது, பள்ளிக்கூட மைதானம் மாலையில் காலியாக இருக்கிறது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு தொடங்கிய திட்டம் நல்லதே. ஆயினும் 95 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டிக்கு எட்டுக் கிலோமீட்டர் எதற்கு? அவருக்குத் தம் வீட்டு வாசலிலிருந்து இருநூறு மீட்டர் சமமான தரை வேண்டும். அதன் முடிவில் உட்கார ஒரு திண்ணை வேண்டும்.

அத்திண்ணையையே நாம் முதலாவதாக வற்புறுத்துவோம். பருத்த உடலினர் வெளியே வர அஞ்சுவது தூரத்துக்காக அன்று. இடையில் மூச்சு முட்டினால் எங்கே அமர்வது என்பதற்காக. ஏரிக்கரையில் இருநூறு மீட்டருக்கு ஒன்றாகச் செங்கல் திண்ணை கட்டினால், அமர்ந்து எழுந்து கரை முழுதும் நடந்துவிடுவார்கள். திண்ணை முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலாக இருக்க வேண்டும். தாழ்ந்த இருக்கையில் அமர்ந்த பருத்தவர் பிறர் கைகொடுக்காமல் எழ முடியாது. கருவேல முள்ளை அகற்றுவதும், குண்டு குழிகளுக்குக் கிராவல் இடுவதும் அடுத்த வேலை. பெண்டிருக்கு விடியற்காலையும் அந்தி நேரமுமே ஓய்வு கிடைக்கிறது; இரண்டும் இருட்டு நேரம். கரையில் நான்கு விளக்குகள் எரியாவிட்டால் அப்பாதை ஆடவருக்கு மட்டுமே போட்ட பாதையாகிவிடும். அவிழ்த்துவிட்ட நாய்களைப் பற்றியும் உறுப்பினர்கள் யோசிக்க வேண்டும்.

பணம் செலவாகாத வேலை ஒன்றும் உண்டு. நடக்கத் துணிந்து வெளியே வரும் பருத்த பெண்ணைப் பார்த்து டீக்கடைப் பெஞ்சியிலிருந்து எழும் ஒரு நகைப்பு, அவரை மறுநாள் வீட்டுக்குள்ளேயே இருத்திவிடும். பருமன் சோம்பலின் தண்டனை அன்று. பரம்பரை, பிள்ளைப்பேறு, சில மருந்துகள், உறக்கக் குறைவு, மலிவான எண்ணெய்ப் பண்டங்கள் எனக் காரணங்கள் பல. பஞ்சாயத்துத் தலைவரும் உறுப்பினர்களும் தாமே முதல் வாரம் கரையில் நடந்தால் நகைப்பு தானே அடங்கும். மகளிர் குழுவினர் எண்மர் பதின்மராகச் சேர்ந்து நடக்கத் தொடங்கினால் அது வேடிக்கையாகவே இராது.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுமாறு அமைந்துள்ளது. அடுத்த கூட்டத்துக்கு முன் உறுப்பினர் இருவர், ஊரிலுள்ள பருத்த உடலினர் நால்வரைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையை ஒரு முறை நடந்து பார்க்கட்டும். அவர்கள் எங்கெங்கே நின்று மூச்சு வாங்குகிறார்களோ அங்கெல்லாம் சுண்ணாம்பினால் ஓர் அடையாளம் இடட்டும். திண்ணைக்கான இடங்களை அந்த அடையாளங்களைக் கொண்டே தீர்மானத்தில் எழுதலாம்.